பன்னிரண்டு டிகிரி மரியாதை

மனித நாகரிகம் எப்போது உச்சத்தைத் தொட்டது என்று யாராவது கேட்டால் தயங்காமல் சொல்லலாம். அட்டைப்பெட்டி செய்யும் ஒரு கம்பெனியின் மாடி அறையில், கம்பளிச் சட்டை போட்ட நான்கு அதிகாரிகள், ஆளுக்கொரு கூழாங்கல்லை எடுத்து நக்கிப் பார்த்த செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு. அதற்கு முன்னால் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தை உருட்டியது எல்லாம் வெறும் ஒத்திகை.

இந்த வைபவத்தைப் பார்க்கும் பாக்கியம் பெற்ற ஒரே வெளியாள் கம்பெனியின் ஏசி மெக்கானிக். அவர் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தார். அறையில் பதினாறு டிகிரி ஓடிக்கொண்டிருந்தது. போதவில்லையாம். குளிர்ப் பிரதேசத்து வைனைப் பற்றிப் பேசுகிறவர்கள் குளிரில் நடுங்கிக்கொண்டே பேசினால்தான் விஷயம் உள்ளே இறங்கும் என்று தீர்மானம் போட்டிருந்தார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. பிரான்ஸ் தேசத்து வைன் வியாபாரி ஒருவர் அடுத்த மாதம் வருகிறார். அவருடைய பாட்டில்களுக்கு இந்தக் கம்பெனி பெட்டி செய்து கொடுக்கப் போகிறது. விருந்தில் அவர் நாட்டு வெள்ளை வைனையே சரியாகத் தேர்ந்தெடுத்து ஊற்றி, ஆளை அசத்திவிட வேண்டும். அதற்காகத்தான் மேலாளர் தலைமையில் 'வெள்ளை வைன் புரிதல் மற்றும் தேர்வுக் குழு'. பெட்டி ஒழுங்காக ஒட்டுகிறதா என்று பார்க்க அந்தக் கம்பெனியில் குழு கிடையாது.

"நல்லா கவனிங்க" என்றார் மேலாளர். "வெயில் ஜாஸ்தியான ஊர்ல திராட்சை அவசரமா பழுத்துடும். இனிப்பு ஏறும், புளிப்பு செத்துடும். வைன் துவண்டு போயிடும். குளிர்ல நிதானமா பழுத்தாத்தான் அந்த விறுவிறுப்பு வரும்."

விளம்பரப் பிரிவு அம்மா எழுதிக்கொண்டே கேட்டார்: "ஆக, வெப்பம் கெடுதல்?"

"வெப்பத்துல எதுவுமே உருப்படாது மேடம்."

ஏணி மேலிருந்த மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரைத் திருப்புவதை நிறுத்தினார். பதினான்கு மாதமாக இதே மேலாளரிடம் அவர் சொல்லி வந்த விஷயம் இது. அப்போதெல்லாம் ஏறாதது இப்போது எப்படி ஏறியது?

களத்தில் மூன்று வைன் இருந்தன. மஸ்கடே: கடலோரத்துச் சரக்கு, லேசானது, உப்புக் காற்று பட்டது. சான்செர்: புல் வாசனை, தீக்கல் வாசனை. மூன்றாவது ஷப்லி: சுண்ணாம்பு மண், பச்சை ஆப்பிள், ஈரக்கல்.

"ஈரக்கல்லு எப்படி சார் ருசிக்கும்?" என்று கேட்டுவிட்டார் கணக்கதிகாரி.

யாருக்கும் தெரியாது. தெரியாது என்று ஒத்துக்கொள்ளும் வழக்கமும் அங்கே கிடையாது. தோட்டத்திலிருந்து நான்கு கற்கள் கழுவிக் கொண்டுவரப்பட்டன.

"உப்புக் கரிக்குதே சார்" என்றார் கணக்கதிகாரி, நாக்கைத் துடைத்துக்கொண்டு.

"அப்ப அது மஸ்கடே கல்லு. வேற எடுங்க."

மெக்கானிக் ஏணியை மடக்கிக்கொண்டு கீழே இறங்கினார். இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் வெப்பம் ஏறியது. கடைசிப் படியில் பசைக் கூடம். கெட்டிச் சுவர், ஜன்னல் கிடையாது. கொதிக்கும் பசைச் சட்டிகளைச் சுற்றி நாற்பத்து மூன்று பெண்கள் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். சுவரில் ஒரு பெரிய ஏசி மெஷின் இருந்தது; இருந்தது, அவ்வளவுதான். அதன் கம்ப்ரஸர் பதினான்கு மாதத்துக்கு முன்பே உயிரை விட்டுவிட்டது.

நிர்வாகம் சும்மா இருந்தது என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். மெக்கானிக்கின் முதல் கடிதத்துக்கு, 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. இரண்டாவதற்கு, 'வெப்பம் நிலவுவதற்கு ஆதாரம் இணைக்கவும்'. அவர் தெர்மாமீட்டரையே இணைத்தார். 'மேற்படி கருவி கம்பெனிச் சொத்து அல்ல' என்று அது திரும்பி வந்தது. அடுத்த கடிதத்துக்குக் கிடைத்தது தாராளத்தின் எல்லை: 'ஊழியர்கள் வெப்பத்துக்குப் பழகிக்கொள்ள ஆறு மாத அவகாசம் வழங்கப்படுகிறது.'

அன்றைக்குக் கூடத்தின் மூலையில் மெக்கானிக்கின் மனைவி, அங்கே பெட்டி ஒட்டுகிறவர், ஈரத்துண்டைத் தலையில் போட்டு உட்கார்ந்திருந்தார். மயங்கி விழுந்தவரை எழுப்பியிருக்கிறார்கள். பக்கத்தில் மேற்பார்வையாளர் நின்றார்.

"இதோட ரெண்டு தடவை ஆச்சும்மா. மூணாவது தடவை விழுந்தா, எழுந்திரிச்சு நேரா வீட்டுக்குப் போயிடுங்க. மறுநாள் வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டு விசிறிக்கொண்டே வெளியே போனார்.

மனைவி புருஷனைப் பார்த்தார். "மேல என்னங்க பண்றாங்க?"

"கல்லை நக்கறாங்க."

"ஐயோ பாவம். பசியா?"

"இல்ல. படிப்பு."

வியாழக்கிழமை, குழு தேர்ந்தெடுத்த ஷப்லி வந்து சேர்ந்தது. பன்னிரண்டு பாட்டில். எங்கே வைப்பது என்று குழு கூடியது. ஏணியோடு மெக்கானிக்கும் இருந்தார்.

"என் ரூம்லயே வெச்சுடலாம்" என்றார் மேலாளர்.

"உங்க ரூம் பூரா கண்ணாடி சார். சாயங்கால வெயில் நேரா அடிக்குது" என்றார் மெக்கானிக். "வெளிச்சம் பட்டா கெட்டுடும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா, சொன்னேன். அப்ப சமையலறை ஃப்ரிட்ஜ்?"

"அது உதறுது சார். கதவைத் திறந்தா வெங்காய வாடை வேற."

விளம்பர அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஷப்லிக்கு வெங்காயமா!"

"இருட்டு, கெட்டிச் சுவர், அதிர்வு இல்லாத இடம், மூணும் சேர்ந்தது ஒண்ணே ஒண்ணுதான் சார். பசைக் கூடம்."

மேலாளர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "என்னய்யா விளையாடறியா? அங்க நாப்பது டிகிரி கொதிக்குது! ஒரு நாள் தாங்குமா அது?"

ஆதாரம் கேட்ட அதே வாய். தெர்மாமீட்டர் இல்லாமலேயே துல்லியமாகச் சொல்லிவிட்டது. மெக்கானிக் ஏணியைச் சுவரில் சாய்த்தார்.

"மெஷின் இருக்கு சார். கம்ப்ரஸர் மட்டும் மாத்தணும். காத்து வர்ற வாய்கிட்ட அலமாரி அடிச்சா அங்க பன்னெண்டு டிகிரி நிக்கும். கூடம் இருபத்திநாலுக்கு வந்துடும்."

"கூடத்தைப் பத்தி யாருய்யா கேட்டா? அந்தப் பன்னெண்டு நிச்சயமா?"

"நிச்சயம் சார்."

பதினான்கு மாதம் நகராத கோப்பு இரண்டு மணி நேரத்தில் ஏழு கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓடி வந்தது. மறுநாள் காலை கம்ப்ரஸர் வந்தது. கூடவே ஒரு உத்தரவும் வந்தது: 'வைன் பாதுகாப்பு அறையில் தற்போது பணிபுரியும் பெண்கள், வைனுக்கு இடையூறு நேராத வகையில், தொடர்ந்து அங்கேயே இருக்க அனுமதிக்கப்படுகிறார்கள்.' எவ்வளவு பெரிய மனசு!

மெஷின் ஓடியது. நாற்பத்து மூன்று பேரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். மனைவி பசைத் தூரிகையைக் கீழே வைத்தார்.

"ஏங்க, இங்க யாரு வந்து தங்கப் போறாங்க? இவ்வளவு மரியாதை?"

"பன்னெண்டு பாட்டில்."

"மகராசனா இருக்கட்டும். நூறு வருஷம் இருக்கட்டும்."

அந்த வாழ்த்து பலிக்கவில்லை. பிரான்ஸ்காரர் வந்தார். ஷப்லியை மேலாளர் பயபக்தியோடு நீட்டினார். வந்தவர் வயிற்றைத் தடவிக் காட்டி, வைனை டாக்டர் நிறுத்திவிட்டதாகவும் ஒரு டம்ளர் தண்ணீர் போதும் என்றும் சொல்லிவிட்டார். திறந்ததை வீணாக்கக் கூடாது என்ற உயர்ந்த நோக்கத்தில் குழுவே ஆறு பாட்டிலை முடித்தது. பிறகு வெள்ளிக்கிழமைதோறும் 'மறுமதிப்பீடு'. வாரம் ஒரு பாட்டில் மதிப்பிடப்பட்டு மறைந்தது. கடைசி பாட்டில் மட்டும் நின்றபோது ஒரு குறிப்பு வந்தது: 'வைன் தீர்ந்தவுடன் மெஷினை நிறுத்தி, கம்ப்ரஸரைக் கழற்றி மாடிக்குக் கொண்டுவரவும்.'

மெக்கானிக் குறிப்பை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். குப்பைக்குப் போகவிருந்த காலி பாட்டில்களில் ஐந்தைப் பொறுக்கினார். கழுவினார். கூடத்து வாசல் குழாயில் தண்ணீர் பிடித்தார். கார்க்கைத் திருப்பி அடித்து, ஏசி குழாய்க்கு ஒட்டும் வெள்ளித் தாளைக் கழுத்தில் சுற்றி, அலமாரியில் படுக்க வைத்தார். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் சிரித்தே காட்டிக்கொடுத்துவிடுவார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மேலாளரும் விளம்பர அம்மாவும் நேராகக் கூடத்துக்கே கிண்ணத்தோடு வந்துவிட்டார்கள்.

"இன்னும் ஆறு இருக்கா! தீர்ந்துடுச்சுன்னு நெனச்சேனே" என்றார் மேலாளர். கை போனது. எடுத்தது வெள்ளித் தாள் சுற்றிய பாட்டில்.

இருபத்துநாலு டிகிரியில் மெக்கானிக்குக்கு முதுகில் வியர்த்தது. மாட்டினால் கம்ப்ரஸர் போகும், அவர் போவார், அடுத்த கோடையில் மனைவி மூன்றாவது தடவை விழுவார். பெண்களின் தூரிகைகள் நின்றுவிட்டன.

மேலாளர் ஊற்றினார். விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். சுழற்றினார். மூக்கை உள்ளே விட்டார். ஒரு வாய் உறிஞ்சிக் கண்ணை மூடினார். மூடிய கண் திறக்கவே இல்லை.

"சார்?" என்றார் விளம்பர அம்மா.

"பழம் இல்ல" என்றார் மேலாளர் மெல்ல. "புல் இல்ல. இனிப்பு துளிகூட இல்ல. வாசனையே இல்ல மேடம்! எல்லாத்தையும் துறந்துடுச்சு. கல்லு... வெறும் ஈரக்கல்லு!"

விளம்பர அம்மாவும் குடித்தார். "ஆமா சார்! அன்னிக்கு நக்கினோமே, அதே கல்லு!"

"மத்ததெல்லாம் சாதாரண வைன். இதுதான் சிகரம். இதை ஒருத்தரும் தொடக்கூடாது. மெக்கானிக்! இந்த மெஷின் ராத்திரி பகல் நிக்கக்கூடாது. புரியுதா?"

"புரியுது சார்" என்றார் மெக்கானிக். அன்றைக்குத்தான் அவருக்கு வைன் முழுசாகப் புரிந்தது.

மறுநாள் கூடத்துக் கதவில் பித்தளைப் பலகை ஒன்று ஏறியது. மனைவி அதன் முன்னால் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தார்: "உள்ளே... விலைமதிப்பில்லாதவை... உள்ளன. சிறிதும்... வெப்பம் படாமல்... பார்த்துக்கொள்ளவும்."

படித்து முடித்ததும் கண் கலங்கிவிட்டது அவருக்கு. "ஏங்க, எங்களையா சொல்றாங்க?"

"இல்ல" என்றார் மெக்கானிக். "குழாய்த் தண்ணிய."