ஐயாவின் மூக்கில் வளர்ந்தவை

கடல் தோன்றி எத்தனையோ கோடி வருடங்கள் ஆகியும் அதற்கு ஒரு முகம் இல்லை என்ற பெருங்குறையை முதன்முதலில் கண்டுபிடித்தது எங்கள் அலுவலகம்தான். வாசல் பலகையில் 'பவளப்பாறை மீட்பு அலுவலகம்' என்றிருக்கும். நான் அங்கே தேநீர் கொடுக்கிறேன். அப்பா அங்கே முக்குளிப்பவர். அதாவது, கடலில் நனைந்த ஒரே ஊழியர்.

செத்த பாறைமேல் சிமெண்டுச் சிலை இறக்கினால் பவளக்குஞ்சுகள் ஒட்டி வளரும் என்று தீர்மானமாயிற்று. யார் சிலை என்பதற்கு மூன்று கூட்டங்கள். ஆமை, மீன், கடற்குதிரை எல்லாம் 'பரிசீலிக்கப்பட்டு', இயக்குநர் ஐயாவின் சிலையே என்று ஒருமனதாக முடிவாயிற்று. கூட்டத்துக்கு ஐயாவே தலைமை வகித்ததால், பாவம், மறுப்புச் சொல்ல அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

சிற்பி மட்டும், "பவளம் பிடிக்கணும்னா சொரசொரப்பா இருக்கணும் சார்" என்றார்.

"என் கன்னமா?"

"தூரத்துல தெரியாது சார்."

சிலையைக் கடலில் இறக்கி எட்டு மாதம் கழித்து அப்பா தண்ணீர் சொட்டச் சொட்ட அலுவலகத்துக்குள் ஓடிவந்தார். "ஐயா, பிடிச்சிருச்சு! மூக்குல ரெண்டு, காதுல ஒண்ணு. சுண்டுவிரல் நகம் அளவுக்கு!" அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அப்பா கடலடியில் எடுத்து வந்த படத்தை ஐயா வெகுநேரம் பார்த்தார். "இது என்னய்யா, மரு மாதிரி?"

"பவளம்யா."

"அடுத்த மாசம் மேலிடத்துக்குப் படம் அனுப்பணும். இது யாருன்னு கேட்டா?"

தலைமை எழுத்தர் செருமினார். "செலவுக் கணக்குல 'பராமரிப்பு'ன்னு ஒரு இனம் இருக்கு சார்."

அன்றே உத்தரவு வந்தது. பவள மீட்புப் பராமரிப்புப் பணியாக, மாதத்தின் முதல் திங்களன்று சிலையைக் கம்பி பிரஷால் தேய்க்க வேண்டும்.

"இது வளரணும்னுதானே தம்பி சிலையே வெச்சோம்?" என்றார் அப்பா.

"வேற எங்கயாச்சும் வளரட்டும்ணே. கடல் என்ன சின்னதா?" என்றார் எழுத்தர்.

"வேற எங்கயும் இல்லையே."

"அப்போ அதுக்குத் தனியா மனு குடுங்க."

அப்பா தேய்த்தார். அந்தத் திங்கட்கிழமைகளில் பிரஷை வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார். "நகம் வெட்டுற மாதிரின்னு நெனச்சுக்கறேன்மா" என்பார். சாப்பாட்டில் மட்டும் கை வைக்க மாட்டார்.

இரண்டு வருடம் கழித்து ஆய்வுக்குழு வந்து, சிலையில் ஒரு பவளம்கூட இல்லை என்று கண்டுபிடித்தது. ஒரு சிலை போதாததே காரணம் என்று முடிவாகி, ஐயாவுக்கு இன்னும் பத்துச் சிலைகள் அனுமதிக்கப்பட்டன. நீதி தவறாத அலுவலகம் அல்லவா, அப்பாவையும் மறக்கவில்லை. பவளம் வளராததற்கு மூன்று நாளில் விளக்கம் தராவிட்டால் பணிநீக்கம் என்று ஓலை வந்தது.

அப்பாவுக்கு எழுத வராது. நான் எழுதினேன்.

"மரியாதையா எழுதும்மா. வேலை போயிடும்."

"மரியாதையாத்தான்பா எழுதியிருக்கேன்" என்று படித்துக் காட்டினேன்:

'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் திருமுகம் கடலடியில் மிகச் சுத்தமாக இருக்கிறது. உத்தரவுப்படி, அதன்மேல் உயிருள்ள எதையும் நான் விட்டுவைக்கவில்லை.'

தண்ணீரில் குதிக்கப் போகிறவர் போல மூச்சை இழுத்துக்கொண்டு அப்பா கையெழுத்துப் போட்டார்.

"கீழே ஒரு வரி சேர்த்துக்கம்மா" என்றார்.

சேர்த்தேன்.

'இணைப்பு: கம்பி பிரஷ், ஒன்று.'