நாலாம் நம்பர் கட்டிலருகே மங்கை விழுந்த விவரம்

திருவொற்றியூர்,
ஞாயிற்றுக்கிழமை

மதிப்பிற்குரிய மச்சான் டில்லிபாபு அவர்களுக்கு, ரகுபதி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் தங்கை மங்கை முக்கால்வாசி நலம். மாதவரத்தில் எல்லாரும் சௌக்கியம்தானே? போனை எடுத்தால் அவள் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள், அதனால் மொட்டை மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை அவள் நர்ஸ் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் நாலாம் நம்பர் கட்டில்காரருக்கு மூச்சுத்திணறல் என்று ஓடியிருக்கிறாள், தரையில் கிடந்த டேபிள் ஃபேன் ஒயர் காலில் மாட்டி விழுந்து இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது, அப்படியே எழுந்து ஒற்றைக் கையால் அவருக்கு ஆக்ஸிஜன் வைத்த பிறகுதான் தன் கையைப் பார்த்தாளாம். அவருக்கு மூச்சு வந்துவிட்டது, எனக்குத்தான் இன்னும் வரவில்லை. தகவல் கேட்டு நான் ஓடினேன், மாவுக்கட்டு காய்வதற்குள் மேனேஜர், கவனக்குறைவால் விழுந்தேன் என்று டைப் அடித்த தாளை நீட்டினார். வம்பு வேண்டாம், கையெழுத்துப் போட்டுவிடு என்று அவள் காதில் சொன்னேன். அவள் என் பக்கம் திரும்பாமல் மேனேஜரிடம் சொன்னாள்:

"நான் மெதுவா நடந்துகினு போயிருந்தா வியுந்திருக்க மாட்டேன் சார், அந்தாளுதான் போயிருப்பாரு. தரையில ஒயரு கீதுன்னு எழுதுங்க, போடறேன்."

வாசலில் நின்ற துப்புரவுப் பணியாளர் செல்லம்மா உள்ளே வந்து, தானும் அதே ஒயரில் விழுந்தவள்தான் என்றார், வீட்டில் பஸ் படிக்கட்டில் விழுந்ததாகச் சொல்லி வைத்திருந்தாராம். அடுத்து லேப் சபீஹா, அதே ஒயரில் விழுந்து உடைந்த பாதிப் பல்லோடு. பிறகு எக்ஸ்ரே டெரிக், தன் முதுகைத் தானே படமெடுத்துப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவன். வேலை போய்விடுமென்று வாயே திறக்காமல் இருந்தவர்கள் மொத்தம் ஒன்பது பேர், எல்லாரும் அந்தத் தாளின் பின்பக்கம் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். மேனேஜர் தண்ணீர் குடித்தார். சாயங்காலமே ஒயரைச் சுவரோடு சேர்த்து அடித்துவிட்டார்கள். மங்கைக்குச் சம்பளத்தோடு ஆறு வாரம் லீவு.

லீவுதான் மச்சான் பேஜாரு. அவளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை, வார்டு இல்லாத குறைக்கு நான் கிடைத்தேன். மூன்று வேளை பிரஷர் பார்க்கிறாள், உப்பை நிறுத்திவிட்டாள், பாத்ரூம் போனால் கதவைத் தட்டி "வியுந்துட்டியா?" என்கிறாள். இப்போது கட்டோடு டூட்டிக்குப் போகிறேன் என்கிறாள். ஐம்பத்துநாலு வயதில் எலும்பு ஒன்றுகூடி வர வேண்டாமா? அண்ணன் சொன்னால்தான் அடங்குவாள். உடனே வந்து தடுக்க வேண்டும்.

உங்கள் வீட்டார் அனைவரும் கால் இடறாமல் நூறாண்டு நடக்க வேண்டிக்கொள்ளும் மைத்துனன்,
ரகுபதி

பி.கு. மடித்து வைத்து இரண்டு நாள் ஆகிறது. வர வேண்டாம் மச்சான். நாளை டூட்டியில் சேர்கிறாள், வார்டு வார்டாகத் தரையைப் பார்த்துக் குறை எழுதும் வேலை. அவளுக்கு இந்த வேலையைக் கொடுங்கள் என்று ஆஸ்பத்திரி சூப்பரின்டென்டென்டுக்கு ரகசியமாகப் போன் போட்டுக் கெஞ்சியது நான்தான்.