தவமணி மச்சான் குறைத்த பன்னிரண்டு வயது

ஷார்ஜா, ரோலா
2007 நவம்பர், செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய தவமணி மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கை பஞ்சவர்ணத்தின் கணவன் சோலைமுத்து வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் அக்காவும் ஆடுமாடுகளோடு சௌக்கியமாக இருக்கக் காளீஸ்வரனை வேண்டிக்கொள்கிறேன். என் சௌக்கியத்தை விசாரிக்க வேண்டாம், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. போனில் பேசலாம் என்றால் ரூமில் உள்ள அத்தனை பேர் காதும் என் வாய்க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நம்ம முகம்மது யூசுப் வியாழக்கிழமை லீவில் வருகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

எண்பத்தெட்டில் என்னை மெட்ராஸுக்குக் கூட்டிப்போனீர்களே, ஞாபகம் இருக்கிறதா? இருபத்தஞ்சு வயதுக்கு மேல் ஆள் எடுக்கவில்லை என்று ஏஜெண்டு சொன்னதும், முப்பத்திரண்டு வயதுக்காரனான என்னைப் பாஸ்போர்ட்டில் இருபது வயதுப் பையனாக்கினீர்கள். "வயசுதானே மாப்ளே, குறைஞ்சா யாருக்கு நஷ்டம்?" என்று தட்டிக்கொடுத்தீர்கள். யாருக்கு நஷ்டம் என்று இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். உங்க மகன் சுரேஷ்குமாருக்குத்தான் நஷ்டம். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள், உங்க வினை உங்களை விட்டுவிட்டு உங்க மகனைச் சுட்டிருக்கிறது.

எங்க கம்பெனியை நடத்துகிற டைரக்டர்கள் ஐந்து பேர். முதலாளி அர்பாபுக்கு எழுபத்தெட்டு. ஐந்து பேரில் இளையவர் ஜெனரல் மேனேஜர் ரவிசங்கர் சார், அறுபத்திரண்டு வயது, அவரைத்தான் மற்றவர்கள் பையன் என்பார்கள். துபாயிலிருந்து ஒரு ஆலோசகர் கோட்டு சூட்டோடு வந்து சுவரில் படம் காட்டினார். இளைய தலைமுறையை டைரக்டர் போர்டில் உட்கார வைக்காத கம்பெனி நெடுங்காலம் நிலைக்காது என்றாராம். நெடுங்காலம் என்றால் எவ்வளவு என்று அர்பாப் கேட்டார். இருபது வருஷம் என்றதும், "அப்ப எனக்கென்ன?" என்று எழுந்துவிட்டாராம். ஆனால் பெரிய கான்ட்ராக்ட் கொடுக்கிறவர்கள் எல்லாம் இப்போது இதைத்தான் கேட்கிறார்கள் என்றதும் மறுபடி உட்கார்ந்தார். நாற்பது வயதுக்குள் ஒருவருக்கு ஒரு நாற்காலி என்று முடிவாயிற்று.

அது சுரேஷ்குமாருக்குத்தான் என்று ஆபீஸ் பாய்க்குக்கூடத் தெரியும். எம்.பி.ஏ. படித்தவன், பிளானிங் செக்‌ஷனையே தூக்கி நிறுத்தியவன். நான் ஸ்வீட் பாக்ஸ்கூட வாங்கி வைத்துவிட்டேன் மச்சான். நோட்டீஸ் போர்டில் பார்த்தால் சோலைமுத்து, ஸ்டோர் இன்சார்ஜ், வயது முப்பத்தொன்பது! பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள், அந்தக் குரங்கு நான்தான். ஐம்பத்தொரு வயதில், சர்க்கரை மாத்திரையைப் பையில் வைத்துக்கொண்டு, வாங்கிய ஸ்வீட்டை நானே தின்ன முடியாமல் நின்றேன்.

அப்புறம் பட்ட பாட்டை என்னத்தைச் சொல்ல. 'யங் லீடர்' என்று நெஞ்சில் எழுதிய பனியனை மாட்டிப் படம் எடுத்து வாசலில் தொங்கவிட்டார்கள். மற்ற கம்பெனி இளைஞர்களோடு பழகணும்னு பாலைவனத்துக்குக் கூட்டிப்போய்க் கயிறு இழுக்க விட்டார்கள், முட்டி பிசகிப்போச்சு. கிளினிக்கில் டாக்டரம்மா எக்ஸ்ரேயைப் பார்க்கிறாங்க, கார்டைப் பார்க்கிறாங்க, திரும்ப எக்ஸ்ரேயைப் பார்க்கிறாங்க. "முப்பத்தொம்பது வயசுல முட்டியை இப்படியா வெச்சிருப்பீங்க?" என்று திட்டு வேறு. கம்பெனி ரெக்கார்டுப்படி உங்க தங்கச்சி என்னைவிட ஏழு வயசு மூத்தவள். யாரோ சின்னப் பையனை மயக்கிக் கட்டிக்கிட்டாள்னு ஆபீஸில் பேச்சு. அதை அவகிட்ட சொல்லிடாதீங்க.

இதெல்லாம் சிரிச்சுட்டுப் போகலாம் மச்சான். போன வாரம் மீட்டிங்கில் நடந்ததைத்தான் சிரிச்சுத் தள்ள முடியல. சுரேஷ்குமாரைக் கூப்பிட்டு அவன் திட்டத்தைப் படிக்கச் சொன்னார்கள். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆளை அனுப்பிட்டுப் புது ஆளை எடுக்க வேண்டாம், இருக்கிறவனுக்கே வேலை கத்துக்கொடுத்து மேலே ஏத்திவிடணும், ஒவ்வொரு பெரியவர் பக்கத்திலும் ஒரு இளையவன் உட்கார்ந்து பழகணும், அப்பத்தான் நாளைக்குக் கம்பெனி இருக்கும்னு அவ்வளவு அழகாச் சொன்னான். என்னை மாதிரி எத்தனை பேர் வயிற்றில் பால் வார்க்கிற பேச்சு அது. அர்பாப் என் பக்கம் திரும்பி, "யங் மேன், க்யா போல்தா?" என்று இந்தியில் என் அபிப்பிராயம் கேட்டார். எல்லாத் தலையும் திரும்பிடுச்சு. வாயைத் திறந்தேன். பேசினால் யாரு எவருன்னு என் ஃபைலைப் புரட்டுவாங்களே, பாஸ்போர்ட் வெளியே வருமேன்னு நாக்கு ஒட்டிக்கிச்சு. ரவிசங்கர் சார், "நம்ம இளைஞர் பிரதிநிதிக்கு ஆட்சேபணை இல்லை, தள்ளி வைக்கலாம்" என்றார். அர்பாப் 'கலாஸ்', முடிந்தது என்று எழுந்துவிட்டார். இளைஞரின் சம்மதத்தோடு ஒத்திவைப்பு என்று எழுதி என் கையெழுத்தையும் வாங்கிக்கிட்டாங்க.

சுரேஷ்குமார் ராஜினாமா கொடுத்துவிட்டான். "உங்க மேல கோபம் இல்ல மாமா. அவங்க வயசைக் கேட்டாங்க, நீங்க பாஸ்போர்ட்டைக் காட்டுனீங்க. விடுங்க, ஐ ஆம் டன்" என்கிறான். திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறுத்தாது.

முடிவு பண்ணிட்டேன் மச்சான். நாளைக் காலையில் ரவிசங்கர் சார் ரூமுக்குப் போய், "சார், நான் இளைஞன் இல்ல, தப்பு நடந்துபோச்சு, அந்த நாற்காலி அந்தப் பையனோடது" என்று உடைச்சுச் சொல்லப்போறேன். வேலை போனால் போகட்டும், ஜெயிலில் போட்டால் போடட்டும். உங்க மகன் அந்த நாற்காலியில் உட்காருவான். இருபது வருஷத்துக்கு அப்புறம் இந்த ராத்திரிதான் நான் என் சொந்த வயசோடு தூங்கப்போறேன்.

பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் சின்னவர்களுக்கு என் ஆசியையும் சொல்லவும். யார் எனக்குப் பெரியவர், யார் சின்னவர் என்று தாங்களே பார்த்துப் பிரித்துக்கொடுத்துவிடுங்கள், எனக்கு அந்தக் கணக்கு விட்டுப்போச்சு.

இப்படிக்குத்
தங்கள் அன்புள்ள
சோலைமுத்து

பின்குறிப்பு: புதன் மத்தியானம் எழுதுகிறேன். போய்ச் சொல்லிவிட்டேன். ரவிசங்கர் சார் உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். "சோலைமுத்து, இத்தனை வருஷமா உங்க ஃபைல் என்கிட்டதானே இருக்கு? முப்பத்தஞ்சு வயசுல உங்களுக்குப் பேத்தி பிறந்துச்சுன்னு லீவு கொடுத்ததே நான்தானே?" என்றார். "தெரிஞ்சேவா சார் என்னைப் போட்டீங்க?" என்றேன். "தெரிஞ்சதனாலதான் போட்டோம். சுரேஷ்குமாரைப் போட்டா அவன் பேசுவான். நீங்க பேச மாட்டீங்க. டீ ஆறுது, குடிங்க" என்றார். குடித்துவிட்டு வந்தேன். அடுத்த மீட்டிங் ஞாயிற்றுக்கிழமை. சுரேஷ்குமாரிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள் மச்சான். ஏதோ வயசுக் குளறுபடியாலதான் கிடைக்காமப் போச்சுன்னு நினைச்சுக்கிட்டே பிள்ளை ஊர் வந்து சேரட்டும்.