கதிர்வீச்சுப் பரிசோதனையில் பறிபோன பேன்ட்

காலை பதினொன்று பத்து. அணுமின் நிலையத்தின் வெளியேறும் வாசலில், கதிர்வீச்சு சோதிக்கும் ஆளுயர இயந்திரத்தின் தலையில் சிவப்பு விளக்கு எரிந்ததைத்தான் முதலில் பார்த்தேன். அடுத்து, வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற எட்டு நிருபர்களும் ஒரே நேரத்தில் இரண்டடி பின்வாங்கியதைப் பார்த்தேன்.

விளக்கை எரியவிட்டது அணு உலை அல்ல, நான். ஒப்புக்கொள்கிறேன்.

அதற்கு மூன்று மாதம் முன்பு, கதிர்வீச்சைப் பற்றி எங்கள் நாளிதழில் தொடர் எழுதினேன். (அப்போது எனக்கு இருபத்தாறு வயது, தெரியாததை எழுதும் துணிச்சலுக்கு ஏற்ற வயது.) எழுதியதையெல்லாம் போனில் திருத்தித் தந்தவள் ஷைனி. பாறசாலையில் எங்கள் சர்ச் சபைக்காரி. அந்த நிலையத்தில் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவில் வேலை. தொடர் முடிந்த பிறகும் சந்தேகம் கேட்டு தினமும் கூப்பிட்டேன். சந்தேகங்கள் தீர்ந்து வெகுநாள் ஆகியிருந்தது.

அவளுக்கு ராஜஸ்தானுக்கு மாற்றல் வந்தது. திங்கட்கிழமை புறப்பாடு. அதற்குள் நேரில் கேட்டுவிட வேண்டும் என்றுதான் பத்திரிகையாளர் குழுவில் பெயர் கொடுத்தேன். கேட்க வேண்டியதை நான்கு குறிப்புகளாக ஒரு தாளில் எழுதி பேன்ட் பாக்கெட்டில் வைத்திருந்தேன். (காதலையும் செய்தி போலவே எண் போட்டு எழுதியிருந்தேன்.)

ஷைனி கையில் சோதனைக் கருவியோடு வந்தாள். என் இடுப்பருகே அது கரகரவென்று கத்தியது.

"எலே ஜெபா, பாக்கெட்டுல என்னது உண்டு?"

தாள் நினைவுக்கு வந்தது. எட்டு நிருபர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணும் இல்ல."

"சத்தியமா?"

"சத்தியமாட்டு."

"அப்ப கதிரியக்கத் தூசி துணியிலதான் ஒட்டியிருக்கு. பேன்ட்டைக் கழத்தணும்."

ஓர் ஆண் ஊழியர் என்னை மறைவுக்கு அழைத்துப்போய், பேன்ட்டை வாங்கிக்கொண்டு ஒரு நீல அங்கியைக் கொடுத்தார். என்னைப் போல இரண்டு பேருக்குப் போதும். கையிரண்டாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தபோது, ஷைனி கையுறையோடு என் பாக்கெட்டைக் காலிசெய்துகொண்டிருந்தாள். முதலில் வந்தது பெட்ரோமாக்ஸ் விளக்கில் கட்டும் வலை, ஒரு டஜன் மேண்டில். எல்லார் கையிலும் போன் வெளிச்சம் உள்ள காலத்திலும், எங்கள் சபையின் கிறிஸ்துமஸ் கேரல் குழு பெட்ரோமாக்ஸ் இல்லாமல் தெருவில் இறங்காது. காலையில் பஸ் ஏறும் முன் வாங்கி வைத்ததை, தாளின் நினைப்பில் சுத்தமாக மறந்திருந்தேன்.

"மேண்டில்ல கதிர்வீசுத தோரியம் உண்டுன்னு மூணாம் வாரம் எழுதினது யாரு?"

"நான்."

"திருத்தித் தந்தது நானாக்கும்! இதையும் கொண்டு இங்கயா வருவ?"

எட்டு பேரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அடுத்து தாள் வந்தது. பிரிக்காமலே அதன்மேல் கருவியைப் பிடித்தாள். சத்தம் இல்லை.

"இதுல ஒண்ணும் இல்ல" என்று என் கையில் கொடுத்தாள்.

பிறகு ஒரு படிவத்தை எடுத்து நிரப்பினாள். கடைசி வரிக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி, என் முகத்தைப் பார்த்தாள். "வேற ஏதாவது சொல்லணுமா மக்கா?" குரல் கொஞ்சம் தணிந்திருந்தது. பதிலுக்குக் காத்திருந்தாள். படிவத்துக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை என்று இப்போது தோன்றுகிறது.

நான் சொன்னேன்: "பேன்ட்டு எப்பம் கிட்டும்?"

அவள் எழுதிக்கொண்டாள்.

ஷைனி திங்கட்கிழமை ராஜஸ்தானுக்குப் போனாள். போன டிசம்பரில் பாறசாலைக் கடைவீதியில் கணவரோடும் மகளோடும் எதிரே வந்தாள். மகளுக்கு ஏழு வயது. ஷைனி என் பெயரைச் சொன்னதும், மகள் பார்வையை என் கால்வரை இறக்கினாள்.

"அம்மா, பேன்ட்டு மாமா இவராக்கும்?"

அவர்கள் வீட்டில் யார் விருந்துக்கு வந்தாலும் இந்தக் கதைதானாம். நானும் சிரித்தேன். ஷைனி மகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ராஜஸ்தானுக்குத் திரும்புகிறோம் என்றார் கணவர். அன்று வெள்ளி. இந்த முறையும் நாள் இருந்தது, கேட்கத்தான் எதுவும் மிச்சமில்லை.