எதுவுமே சேர்க்காத வைனில் நான் சேர்த்தது

"எதுவும் சேர்க்கவில்லை" என்று யாராவது சொன்னால், அப்படியானால் என்னத்தைச் சேர்த்திருப்பார்கள் என்றுதான் என் மனம் முதலில் கேட்கும். தேன் வாங்கினால் போத்தலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். நல்லெண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து மணப்பேன். மிளகாய்த்தூளைத் தண்ணீரில் கரைத்து, அடியில் செங்கல் தூள் தங்குகிறதா என்று கால் மணி நேரம் காவல் இருந்திருக்கிறேன். (இதுவரை தங்கியதில்லை. அதற்காக என் சந்தேகம் குறையவில்லை. கலப்படக்காரர்கள் கெட்டிக்காரர்களாகிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.)

மகள் பிறந்ததும் இந்தக் குணம் பத்து மடங்கானது. நான் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் படித்தவள். அந்தப் படிப்பால் உலகத்துக்கு என்ன பயன் கிடைத்ததோ தெரியாது, வீட்டில் உள்ளவர்களை நன்றாகப் பயமுறுத்த முடிந்தது. லண்டனின் மோர்டனில் எங்கள் சமையலறையில் நீல மூடி போட்ட ஒரு வாளி எப்போதும் இருக்கும். கிருமி கொல்லும் குளோரின் வில்லையை அதில் கரைத்து, பால் போத்தல், சூப்பி, கரண்டி என்று பிள்ளையின் வாய்க்குக் கிட்டப் போகும் எல்லாவற்றையும் ஊறப்போடுவேன். ஒருநாள் என் கணவர் குமரனின் வீட்டுச் சாவியும் அதற்குள் போனது. பிள்ளை அதை நக்கிவிட்டிருந்தாள்.

"ஒருநாளைக்கு என்னையும் இதுக்குள்ள தாட்டு வைக்கப் போறீர்," என்றார் குமரன்.

பக்கத்து வீட்டு நூரியா கத்தலோனியாக்காரி. எங்கள் பிள்ளைகள் இருவரும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். தள்ளுவண்டிகளை ஒன்றாகத் தள்ளித் தள்ளியே தோழிகளானோம். அவளுடைய தம்பி ஜோர்டி அவர்களுடைய ஊரில் ஒரு மலைச்சரிவில் திராட்சை வளர்த்து, தன் கையாலேயே வைன் செய்கிறவன். வைனுக்குள் சல்பைட் போடுவதில்லை என்பதுதான் அவனுடைய முழுப் பெருமையும். சல்பைட் என்பது வைன் பழுதாகாமலும் கிருமி வளராமலும் இருக்க அநேகமானவர்கள் போடுகிற மருந்து. ஜோர்டி அதைத் தொடவே மாட்டானாம். திராட்சை, அதன் தோலில் ஒட்டியிருக்கும் ஈஸ்ட், பொறுமை, அவ்வளவுதானாம்.

கிருமியைத் தடுக்கிற ஒரேயொரு பொருளையும் போடாமல் விட்டுவிட்டு, அதைப் பெருமையாகச் சொல்கிறவனை எப்படி நம்புவது?

நூரியா ஒரு போத்தலைக் கொண்டுவந்து காட்டினாள். அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கிக் கிடந்தது. அடியில் ஏதோ படிந்திருந்தது. "அது ஒன்றுமில்லை, இது உயிருள்ள வைன்," என்றாள். ஏழு மாதக் குழந்தை தவழும் வீட்டுக்குள் உயிருள்ள எதையும் கொண்டுவராதே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் போத்தலின் பின்பக்கம், சின்ன எழுத்தில் "சல்பைட் உண்டு" என்றிருந்ததைக் கண்டுவிட்டேன்.

(பிடித்துவிட்டேன்!)

நூரியா சிரித்தாள். "நொதிக்கும்போது ஈஸ்ட் தானாகவே கொஞ்சம் சல்பைட் உண்டாக்கும். ஒரு சின்ன அளவைத் தாண்டினாலே எழுதத்தான் வேண்டும், அது சட்டம். ஜோர்டி எதுவும் போடவில்லை."

இது உண்மை என்பது எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். ஆனாலும், பேச முடியாத ஈஸ்ட்டின் மீது பழி போடுவது எவ்வளவு வசதி என்றும் தோன்றியது.

அவள் வந்த காரணம் இதுதான். என் அண்ணை டூட்டிங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். அப்போது அவர் விம்பிள்டனில், மேசைக்கு வெள்ளை விரிப்பெல்லாம் போட்டு, இரண்டாவது கடை திறக்க இருந்தார். நண்டுக் கறியோடு குடிக்க ஒரு நல்ல வைன் தேடிக்கொண்டிருந்தார். ஜோர்டிக்கோ அந்த வருடம் வாழ்வா சாவா என்ற நிலை. லண்டனில் ஒரு நிரந்தர வாடிக்கையாளர் கிடைக்காவிட்டால் தன் வைனை விட்டுவிட்டு, திராட்சையைப் பக்கத்திலுள்ள பெரிய தொழிற்சாலைக்கே கொடுத்துவிட வேண்டியதுதான். "உன் அண்ணன் ஒருமுறை ருசி பார்த்தால் போதும். அதை உன் வீட்டிலேயே நடத்தலாமா? என் சமையலறையைத் திருத்த வேலைக்காக உடைத்துப் போட்டிருக்கிறார்கள்," என்று கேட்டாள் நூரியா.

மாட்டேன் என்று சொல்லத் துணிவில்லை. சரி என்று சொல்ல நம்பிக்கையும் இல்லை. இப்படியான இடங்களில் நான் எப்போதும் சரி என்றுதான் சொல்வேன்.

அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, வாங்கோ. ஆனா கனக்கக் குடிச்சிடாதேங்கோ. அது ஒரு மாதிரிக் கலங்கிக் கிடக்கு."

"எடி, வைனை நான் பாக்கிறன். நீ கிளாஸை மட்டும் வடிவா வை. உன்ர வீட்டுப் பிளாஸ்டிக் கோப்பையில ஊத்தி என்ர மானத்தை வாங்கிப் போடாதை."

எங்களிடம் இருந்தவை இரண்டே வைன் கிளாஸ்கள், கல்யாணப் பரிசு. ஒரு பழம்பொருள் கடையில் பதினெட்டு கிளாஸ் வாங்கினேன். வீட்டுக்கு வந்து மேசையில் அடுக்கியபோதுதான் உறைத்தது. யார் யாருடைய வாய் பட்ட கிளாஸோ! எச்சில் பண்டம் என்றால் எனக்குச் சிறுவயதிலிருந்தே ஆகாது. பதினெட்டுக் கிளாஸ், எத்தனை ஆயிரம் வாய்கள். இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். மனம் கேட்கவில்லை. நீல மூடி வாளியைத் திறந்தேன்.

ஒரு வில்லை போதும் என்று பெட்டியில் இருந்தது. அது ஒரு குழந்தையின் எச்சிலுக்கான கணக்கு என்று நினைத்து மூன்று போட்டேன். ஊறிய பிறகு கழுவத் தேவையில்லை என்றும் பெட்டியில் இருந்தது. நான் சொன்னபடி கேட்கிறவள். கழுவவில்லை. அடியில் ஓரிரு துளி நிற்க, அப்படியே எடுத்து மேசையில் வைத்தேன். மணம் வரவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். ஏழு மாதமாக என் கையும் உடுப்பும் அந்த மணத்தில்தான் கிடந்தன. என் மூக்கு அதைக் காற்று என்றே எண்ணிவிட்டது.

சனிக்கிழமை பின்னேரம் அண்ணை ஒரு சட்டி நண்டுக் கறியோடு வந்தார். ஜோர்டி ஆறு போத்தல்களைத் தூங்கும் பிள்ளைகளைத் தூக்குவது போல நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்தான். கை முழுக்க வெடிப்பு, திராட்சைக் கறை. முதல் போத்தலைத் திறந்து ஊற்றினான். அண்ணை மூக்கருகே கொண்டுபோனார். முகம் கோணியது.

"மச்சான், இதை ஒருக்கா மணந்து பாரும்," என்று குமரனிடம் நீட்டினார். "நீச்சல் குளத்துக்குள்ள விழுந்த மாதிரிக் கிடக்கு."

ஜோர்டி தன் கிளாஸை மணந்தான். இரண்டாவது போத்தலைத் திறந்து வேறு கிளாஸில் ஊற்றினான். அதே மணம். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. ஒவ்வொன்றுக்கும் நான்தான் ஓடி ஓடிப் புதுக் கிளாஸ் எடுத்துக் கொடுத்தேன். (உபசாரத்தில் எங்களை யாரும் குறை சொல்ல முடியாது.) மேசை நிறையக் கிளாஸ், யாரும் ஒரு மிடறு குடிக்கவில்லை. ஜோர்டி கதிரையில் உட்கார்ந்து, தலையில் கை வைத்து, நூரியாவிடம் தங்கள் மொழியில் மெல்ல ஏதோ சொன்னான்.

"எல்லாம் போய்விட்டது என்கிறான். நிலவறையில் உள்ள முழுவதும் பழுதாகியிருக்கும் என்கிறான்," என்றாள் நூரியா. அவள் கண் கலங்கியிருந்தது.

ஒரு நல்ல மனுஷி இந்த இடத்தில் தேத்தண்ணீர் போட எழுந்திருப்பாள். நான் விரிவுரை செய்ய எழுந்தேன். இன்று நினைத்தாலும் காது மடல் சுடுகிறது. கிருமிகள் எப்படிப் பெருகும், சல்பைட் ஏன் தேவை, இயற்கை என்ற சொல்லை நம்பி எத்தனை பேர் ஏமாறுகிறார்கள் என்றெல்லாம், கைக்குழந்தையை இடுப்பில் வைத்தபடி, ஐந்து நிமிடம் பேசினேன். "கொஞ்சம் சேர்த்திருக்கலாம். முற்பாதுகாப்பு இல்லாமல் செய்தால் இப்படித்தான் ஆகும்," என்று ஜோர்டியிடம் அனுதாபத்தோடு சொன்னேன். அவன் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

என் பேச்சு முடியும் வரை காத்திருந்து அலுத்த குமரன், மிஞ்சியிருந்த ஒரு கிளாஸில் குழாய்த் தண்ணீர் பிடித்துக் குடித்தார். குடித்தவர் நின்றார். கிளாஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இஞ்சரும்," என்றார் மெதுவாக. "தண்ணியும் பழுதாப் போச்சு. இதுக்கும் சல்பைட் போட மறந்திட்டினமோ?"

அண்ணை அந்தக் கிளாஸை வாங்கி மணந்தார். எழுந்து சமையலறைக்குப் போனார். நீல மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். உள்ளே இன்னும் இரண்டு கிளாஸ் சாவகாசமாக ஊறிக்கொண்டிருந்தன.

"எடி விசரி! கிளாஸை எதுக்கடி பேபிப் போத்தல் தண்ணிக்குள்ள போட்டனீ?"

"ஆற்றையோ எச்சில் அண்ணை..." என்றேன்.

நூரியா தம்பிக்கு மொழிபெயர்த்தாள். எச்சிலை எப்படி மொழிபெயர்த்தாளோ தெரியாது, குளோரின் என்ற சொல் மட்டும் எனக்கு விளங்கியது. ஜோர்டி எழுந்து சமையலறைக்குப் போய் வாளியைப் பார்த்தான். தன் நிலவறைக்குள் குளோரின் போத்தலை ஒருவரும் கொண்டுவரக் கூடாது, தரையைக்கூட வெந்நீரால்தான் கழுவுவேன் என்றானாம். இத்தனை வருடங்கள் எதையும் சேர்க்காமல் காப்பாற்றி, கடல் கடந்து கொண்டுவந்த வைனுக்குள், நான் இருந்த இடத்திலேயே மூன்று வில்லை சேர்த்திருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்டேன். ஆங்கிலத்தில், தமிழில், மறுபடி ஆங்கிலத்தில். அவன் மிஞ்சியிருந்த ஆறாவது போத்தலைக் கையில் எடுத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தான். என்னிடமிருந்து எதையும் வாங்க அவனுக்குப் பயம் என்பது தெரிந்தது. கடைசியில் அண்ணைதான் சமையலறைத் தட்டிலிருந்த எவர்சில்வர் டம்ளர்களை எடுத்து, தன் கையால் கழுவி, ஒவ்வொன்றாக மணந்து பார்த்து மேசையில் வைத்தார். நான் கிட்டப் போனபோது, "நீ அங்கையே நில்," என்றார்.

ஜோர்டி ஊற்றினான். அண்ணை ஒரு மிடறு குடித்தார். நண்டுக் காலைக் கடித்தார். இன்னொரு மிடறு. ஜோர்டியின் வெடித்த விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன.

"மச்சான்," என்றார் அண்ணை குமரனிடம், "எங்கட உறைப்புக்குப் பக்கத்தில நிண்டு சண்டை பிடிக்குது. ஆனா தோக்கேல்லை." பிறகு நூரியாவிடம் ஆங்கிலத்தில், "கடை திறக்கிற நாளைக்கு வேணும். அதுக்குப் பிறகும் வேணும்," என்றார்.

ஜோர்டி அழுதான். நூரியா அழுதாள். பிள்ளைகள் இரண்டும் அழுதன. நான் அழலாமா என்று யோசித்து, அந்த உரிமை எனக்கில்லை என்று விட்டுவிட்டேன்.

அண்ணையின் விம்பிள்டன் கடையில் அந்த வைன் இன்றும் இருக்கிறது. விலைப்பட்டியலில் அதன் பெயருக்குக் கீழே தமிழில் ஒரு வரி அச்சிட்டிருக்கிறார்: "எதுவும் சேர்க்கப்படவில்லை. என் தங்கச்சியும் கிட்ட வரவில்லை." என் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர் ஒருவர்கூட, தண்ணீர் கொடுத்தாலும் கிளாஸை மணந்து பார்க்காமல் குடிப்பதில்லை. அண்ணை ஒருபடி மேலே போய், கண்ணை மூடி, கிளாஸைச் சுழற்றிவிட்டு, "ம்ம், இந்த வருசம் வில்லை கொஞ்சம் குறைவு," என்பார்.

என் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். விவரம் தெரிந்த நாளிலிருந்து இதைப் பார்த்தே வளர்ந்தவள். அங்கே பால் கொடுத்தாலும் முதலில் மணந்து, தலையை ஆட்டிவிட்டுத்தான் குடிக்கிறாளாம். போன வாரம் ஆசிரியை என்னைத் தனியே கூப்பிட்டு, மிகுந்த மரியாதையோடு, இது உங்கள் சமயம் சார்ந்த வழக்கமா என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.