சங்கு ஊதினால் உட்காரணும்

தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் நான் நடக்க வேண்டுமாம். எனக்கு வயது அறுபத்தாறு. ஊர்த் தலைவர்களில் ஒருவன். என்னைப் பார்த்து ஒரு நர்ஸ் சொல்கிறாள், என் கடைசிப் பெண் வயசுகூட இராது. சர்க்கரையாம். நடக்காவிட்டால் கால் போய்விடுமாம். எனக்கு வந்த கோபத்தில் எழுந்தே நின்றுவிட்டேன்.

"எங்கண்ணனுக்கும் இப்படித்தான் சொன்னாங்க," என்றாள் என் மனைவி ஃபோலோலே. "இப்ப ஒத்தைக் காலோட உக்காந்திருக்கான்."

"ரெண்டு கால் இருந்தப்பவும் உக்காந்துதானே இருந்தான்?"

"அதைத்தான் நானும் சொல்றேன். கிளம்புங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பினேன். வழியில் ஒரு யோசனை உதித்தது. எங்கள் சமோவாவில் மாலை ஜெபத்துக்குச் சங்கு ஊதிவிட்டால் சாலையில் யாரும் நடக்கக் கூடாது. பக்கத்து வீடு எதுவோ, அங்கே உட்கார்ந்துவிட வேண்டும். சட்டம்.

அன்றிலிருந்து சங்குக்கு ஐந்து நிமிஷம் முன்னால்தான் புறப்படுவேன். நாலாவது வீடு என் சிநேகிதன் பேசமினோவின் வீடு. சங்கு. உட்கார்ந்தேன். ஜெபம் முடிந்ததும் கோக்கோவும் வாழைப்பழப் பணியாரமும். இருட்டியபின் சட்டையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு, மூச்சு வாங்கியபடி வீடு திரும்புவேன்.

இரண்டு வாரம் போனது.

"ஏங்க, இடுப்புத் துணி சுத்து பத்தலையே?"

"துவைச்சதுல சுருங்கிடுச்சு."

"ம்," என்றாள். அவ்வளவுதான்.

சனிக்கிழமை தலைவர்கள் கூடினோம். சங்கு நேரத்தில் சாலையைக் காவல் காக்கும் பையன்கள் போனை நோண்டிக்கொண்டு நிற்கிறார்களாம். பெரியவர் ஒருவர் வேண்டுமாம். சர்ச்சிலிருந்து பாலம் வரை. சங்குக்கு முன்னால் ஒரு சுற்று, சங்கு நேரத்தில் ஒரு சுற்று. காவலுக்கு நிற்கிறவன் மட்டும் உட்காரக் கூடாது.

மூத்த தலைவர் என்னைப் பார்த்தார். "நீ தினம் ஒரு மணி நேரம் நடக்கிறவனாமே. மாதர் சங்கத்துல உன் பொண்டாட்டி பெருமையாச் சொல்லிச்சாம்."

இல்லை என்று எந்த வாயால் சொல்வது?

வீட்டுக்கு வந்து குதித்தேன். "நீதானே சொல்லிக் கொடுத்தே?"

"நீங்க சொன்னதைத்தாங்க சொன்னேன்," என்று காவல் கம்பை எடுத்துக் கையில் கொடுத்தாள். அண்ணன் கால் ஞாபகமோ என்னவோ, கண் மட்டும் கலங்கியிருந்தது. அதனால் அதற்குமேல் திட்டவும் முடியவில்லை. திட்ட முடியாத கோபம் வேறு.

எங்கள் வீடுகளுக்குச் சுவர் கிடையாது. நான் ஒரு நிமிஷம் நின்றால் ஊரே பார்க்கும். பேசமினோ பாயில் இருந்தபடி, "வேகமா நடங்கண்ணே," என்கிறான்.

நேற்றுச் சங்கு ஊதியதும் சாலையில் வந்த ஒருவனைப் பிடித்து, "உட்காருடா" என்று அதட்டினேன். அந்த ஒரு வார்த்தையை என்னிடம் சொல்ல இந்த ஊரில் ஆள் இல்லை.