வெங்கடபதி கேட்க வேண்டிய மன்னிப்பு

முதலில் தவறு செய்தவன் வெங்கடபதி. என் மனைவி சாந்தாமணியின் தம்பி. கோபிசெட்டிபாளையத்தில் உரக்கடை வைத்திருக்கிறான். இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைக் குற்றம் சொல்லக் கூடாது.

பதினோரு வருஷத்துக்கு முன்பு சூலூரில் வீடு கட்டிப் புண்ணியார்ச்சனை வைத்தேன். தாய்வீட்டுச் சீராக ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து நடு ஹாலில் இறக்கினான் வெங்கடபதி. அதுவரை சரி. இறக்கிவிட்டு, பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை சொந்தக்காரருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்:

"அக்கா, மாமா இது மேல கை வெக்காம பாத்துக்கோங்க."

பந்தியே சிரித்தது. பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவனும் சிரித்தான். சிரித்த சிரிப்பில் என் இலையை மறந்து அடுத்த இலைக்குப் போய்விட்டான்.

நான் ஐந்தாவது வரைதான் படித்தவன். ஆனால் முப்பது வருஷமாக நாலு தறி ஓட்டுகிறவன். எந்தத் தறி எந்த இடத்தில் முனகுகிறது என்று தூக்கத்திலும் சொல்வேன். அந்த வார்த்தைக்கு வெங்கடபதி என்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நானும் மறக்கவில்லை. அவன் வீட்டு விசேஷம் எல்லாவற்றுக்கும் போனேன், சாப்பிட்டேன். பாயசம் மட்டும் தொட்டதில்லை.

எங்கள் மகள் வர்ஷினி அந்தக் கம்ப்யூட்டரில்தான் படித்தாள். இப்போது ஓசூரில் வேலையில் இருக்கிறாள். அவள் போன பிறகு சாயங்காலங்களில் நான் அதில் ரேக்ளா பந்தயம் பார்ப்பேன். பெட்டிக்கு வயசாகிவிட்டது. சுவிட்சைப் போட்டுவிட்டு, நாலு தறிக்கும் நூல் பார்த்துவிட்டு, டீயும் குடித்துவிட்டு வந்தால்தான் படம் வரும். வந்தாலும் மாடுகள் பாதி வழியில் நின்றுவிடும். ஒரு வெள்ளைக்காளை முன்னங்காலைத் தூக்கியபடி கால் மணி நேரம் நின்றது. தண்ணீர் காட்டலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது.

புதன்கிழமை சாந்தாமணி பேச்சை ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, ஞாயித்துக்கெழம தம்பி குடும்பத்தோட வாரான். பெட்டிய அவங்கிட்டயே காட்டிக்கறேன்."

"அவன் எதுக்கு? நான் பாக்கறேன்."

"உங்களுக்கு எதுக்குங்க அந்தப் பொல்லாப்பு? உங்களால ஆகாதுங்க."

"ஆகாதா? யாரு சொன்னா?"

"நானா ஒண்ணுஞ் சொல்லலீங்க. அன்னைக்குப் பந்தியில தம்பி சொன்னதத்தான் சொல்றேன்."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"உன்ற தம்பி வரட்டும். அவன் கையில இருக்கற காப்பி ஆறறதுக்குள்ள இந்தப் பெட்டி ஓடும். ஓடுச்சுன்னா, எல்லார் முன்னாலயும் 'மாமா, நான் சொன்னது தப்புங்க'ன்னு அவன் சொல்லோணும்."

"சொல்லாம எங்க போறான்? 'நாந்தான் சரி பண்ணுனேன், இதுதான் கோளாறு'ன்னு உங்க வாயால ஒரு வார்த்த சொல்லுங்க. அவனக் கேக்க வெக்கறது என்ற பொறுப்பு."

அவ்வளவு சுலபமாக அவள் ஒத்துக்கொண்டபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

வியாழக்கிழமை தறிகளை நிறுத்தினேன். பெட்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோய், ஓடவிட்டு, பக்கவாட்டில் காதை வைத்தேன். தறிக்காரனுக்குக் காதுதான் படிப்பு. பக்கத்தில் மோட்டார் காயில் கட்டும் இன்னாசிமுத்து எட்டிப் பார்த்தான்.

"என்னங்ணா, காது குடுத்துக் கேக்கறீங்க? ரகசியம் ஏதாச்சும் சொல்லுதுங்களா?"

"காத்தாடி ஒரசுது இன்னாசி. புஷ்ஷு தேஞ்ச தறியாட்ட."

"எண்ணெ கிண்ணெ உட்டுறாதீங்ணா. எரிஞ்சு போயிரும். தெறந்து பாக்கலாம்."

ஸ்குரூவைக் கழற்றினோம். தறிப்பட்டறையை ஒட்டின வீடு, உள்ளே பஞ்சுதான் அடைத்திருக்கும் என்று நினைத்தேன். பஞ்சு இருந்தது. ஆனால் அது ஏதோ மஞ்சள் கட்டியில் ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் காற்றுப் போகிற ஓட்டை ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை. காத்தாடி இறக்கையிலும் அதே கட்டி. நடுவில் சிவப்பு வேறு. இன்னாசிமுத்து ஒரு துண்டைப் பெயர்த்து மோந்து பார்த்தான்.

"சந்தனங்ணா. நல்ல சந்தனம்."

நானும் வாங்கி மோந்து பார்த்தேன்.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் எங்கள் வீட்டில் சந்தனம் வைப்பது நான்தான். தறிக்கு, மோட்டாருக்கு, தராசுக்கு, மொபெட்டுக்கு, கடைசியில் கம்ப்யூட்டருக்கு. அதன் பக்கவாட்டில் வட்டமாகச் சல்லடை போட்ட இடம் ஒன்று உண்டு. பார்க்க நெற்றி மாதிரியே இருக்கும். வேறு எங்கே வைப்பது? வெங்கடபதி கொடுத்த சாமான் என்பதற்காக நான் குறை வைத்ததாகப் பேர் வரக் கூடாது. மற்றதுக்கெல்லாம் ஒரு விரல் சந்தனம் என்றால் இதற்கு மூன்று விரல் அப்பினேன். மேலே குங்குமம்.

நெற்றி என்று நான் நினைத்தது மூக்கு. பதினோரு வருஷமாக அடைத்துக்கொண்டே வந்திருக்கிறேன்.

"யாருங்ணா வெச்சது?"

"பூஜயில கூட்டமா இருக்கும். யாரோ வெச்சிருப்பாங்க."

"வருஷா வருஷம் அதே யாரோங்களா?"

"வாய மூடிட்டுப் பிரஷ்ஷ எடு."

சுரண்டினோம், தேய்த்தோம், ப்ளோயரில் ஊதினோம். இன்னாசிமுத்து உள்ளே இருந்த சூடாகிற சில்லுக்குப் புதிதாக வெள்ளைப் பசை தடவினான். சுரண்டின சந்தனத்தைப் பேப்பரில் மடித்து, யாரும் பார்க்காதபோது கறிவேப்பிலைச் செடியடியில் புதைத்தேன். சுவிட்சைப் போட்டேன். துண்டை உதறித் தோளில் போடுவதற்குள் படம் வந்துவிட்டது. நின்றுபோன அந்த வெள்ளைக்காளை ஒரே மூச்சில் எல்லைக்கோட்டைத் தாண்டியது. எனக்குக் கண் கலங்கியது. வெள்ளி, சனி இரண்டு நாளும் வெங்கடபதி மன்னிப்புக் கேட்கும்போது எப்படி நிற்க வேண்டும் என்று நின்று பார்த்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தான். மனைவி, மகள் லோகப்பிரியா எல்லோரும் வந்தார்கள். சாந்தாமணி அவன் கையில் காப்பியைக் கொடுத்துவிட்டுப் பெட்டியின் சுவிட்சைப் போட்டாள். அவன் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் திரை பளிச்சென்று வந்தது.

"அட! புதுசாட்ட ஓடுது. யாருக்கா சரி பண்ணுனது?"

நான் எழுந்தேன். தொண்டையைச் செருமினேன். அந்த நேரம் பார்த்துச் சாந்தாமணி தட்டோடு வந்து என் முன்னால் நின்றாள். தட்டில் சந்தனக் கிண்ணம்.

"லோகப்பிரியா கண்ணு படிக்கறதுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேணுமுன்னு கேட்டுட்டிருந்தா. வர்ஷினி எனக்கு லேப்டாப் அனுப்பறாளாம். அதனால தாய்வூட்டுச் சாமான் தாய்வூட்டுக்கே போகட்டும். பொட்டு வெச்சு அனுப்பலாமுங்க."

கிண்ணத்தை நீட்டினாள்.

"எப்பவும் நீங்கதானே வெப்பீங்க? வழக்கமா வெக்கற எடத்துலயே வெய்யுங்க."

நான் கிண்ணத்தைப் பார்த்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"கறிவேப்பலச் செடி மூணு நாளா நெம்ப மணக்குதுங்க."

வெங்கடபதி மறுபடி கேட்டான். "யாருக்கா பாத்தது? மாமாங்களா?"

"அவரயே கேளு கண்ணு. என்ன கோளாறுன்னும் அவரே சொல்லுவாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் மன்னிப்புக் கிடைக்கும். கோளாறு என்ன என்றும் சொல்ல வேண்டும். சொன்னால், இனி எங்கள் சொந்தத்தில் எந்தப் பந்தி நடந்தாலும் முதல் பேச்சு சந்தனமாகத்தான் இருக்கும்.

"இன்னாசிமுத்து பாத்தான்," என்றேன்.

"அதானே!" என்றான் வெங்கடபதி. "நல்ல வேளைங்க்கா, மாமா கை வெக்காம பாத்துக்கிட்டீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சாந்தாமணி சிரிக்கவில்லை. சந்தனத்தை ஒரு விரலில் தொட்டு, சல்லடையை விட்டுத் தள்ளி, பெட்டியின் மேல்மூலையில் சிறு பொட்டாக வைத்தாள்.

மத்தியானம் பாயசம் வைத்திருந்தாள். வெங்கடபதிக்கு இரண்டு முறை ஊற்றினாள். என் இலைக்கு வரும்போது காலிப் பாத்திரத்தில் கரண்டி தட்டியது. சாப்பிட்டு முடித்து, பெட்டியைத் தூக்கிக் காரில் ஏற்றியதும் நான்தான்.

பதினோரு வருஷமாக வெங்கடபதி எனக்கு ஒரு மன்னிப்புப் பாக்கி. இப்போது இரண்டு. பாயசமும் இரண்டு.